திருத்தம் அனுப்பும் முன்: புதிதாக வருகிறவர்களுக்குப் பதின்மூன்று அறிவுரைகள்



திறமூல மென்பொருளுக்குப் பங்களிக்க வேண்டும் என்று ஆசையோடு வருகிறவர்களில் பலர், நிரலைப் பார்த்து மிரண்டு திரும்பிப் போவதில்லை. அதற்கும் முன்னால், புராஜெக்ட்டைத் தங்கள் கணினியில் ஓடவைக்கும் இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். குளோன் செய்கிறார்கள், டிபென்டன்சிகளை நிறுவச் சொல்லிக் கட்டளை கொடுக்கிறார்கள், திரை முழுக்கச் சிவப்பு எழுத்து ஓடுகிறது. ‘இது நமக்கு வராது’ என்று அன்றோடு மூடி வைத்துவிடுகிறார்கள். எனக்கு இது மிகவும் வருத்தம் தரும் விஷயம். இந்தக் கட்டத்தைத் தாண்ட ஒழுங்கும் பொறுமையும் இருந்தால் போதும். இரண்டையும் யாரும் பழகிக்கொள்ளலாம்.

ஒழுங்காகச் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நாளை நீங்கள் ஒரு பராமரிப்பாளரிடம் ‘இந்த டெஸ்ட் ஃபெயில் ஆகிறது’ என்று சொல்லப் போகிறீர்கள். அவர் வேறு நாட்டில் இருப்பார். உங்கள் முகம் அவருக்குத் தெரியாது. இரண்டு கடைகளில் எடைக்கல் வேறுவேறாக இருந்தால் நிறையைப் பற்றிப் பேசிப் பயனில்லை. உங்கள் கணினிக்குள் என்னென்ன வந்தன, எங்கே போய் உட்கார்ந்தன, வேண்டாமென்றால் எப்படி நீக்குவது என்ற மூன்றும் உங்களுக்குத் தெரிந்திருந்தால்தான் உங்கள் சொல்லை அவர் நம்பி எடுத்துக்கொள்ள முடியும். கீழே நான் சொல்வதெல்லாம் இந்த மூன்றைப் பற்றித்தான்.

உதாரணமாக ஜாங்கோவை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்னும் ஊரில், ஒரு நாளிதழ் அலுவலகத்தில் 2003-ல் உருவாகி, 2005-ல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்ட பைதான் வெப் ஃபிரேம்வொர்க் அது. நம் மாணவர்கள் பலருக்குப் பழக்கமானது; முதல் பங்களிப்புக்கென்றே தனி வழிகாட்டியும் வைத்திருக்கிறது. நோட், ரஸ்ட், ரூபி என்று எந்தப் பக்கம் போனாலும் அடிப்படை இதேதான்.

1. கட்டளை கொடுக்கும் முன் முழுதும் படியுங்கள்

ரீட்மீ, கான்ட்ரிப்யூட்டிங் என்ற பெயர்களில் இருக்கும் கோப்புகளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படியுங்கள். ஒரு வரி படித்து ஒரு கட்டளை கொடுத்து, அடுத்த வரி படித்து அடுத்த கட்டளை கொடுத்துக்கொண்டு போகாதீர்கள். ஐந்தாவது படிக்கான எச்சரிக்கை ஏழாவது படியின் கீழே எழுதப்பட்டிருக்கலாம். படிக்கும்போது நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: எந்த மொழியின் எந்தப் பதிப்பு வேண்டும், ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில் என்ன லைப்ரரிகள் முன்கூட்டியே இருக்க வேண்டும், டிபென்டன்சிப் பட்டியல் எந்தக் கோப்பில் இருக்கிறது, டெஸ்ட்டுகளை எப்படி ஓட்டுவது.

வீடியோ பார்த்துச் செய்வது தவறில்லை. ஆனால் அந்த வீடியோ எடுக்கப்பட்ட நாளுக்குப் பிறகு புராஜெக்ட் மாறியிருக்கும். முதல் ஆதாரமாக ரெப்பாசிட்டரிக்குள் இருக்கும் ஆவணத்தையே வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் சந்தேகம் வந்தால், தானியங்கி டெஸ்ட்டுகளுக்காக எழுதியிருக்கும் சிஐ கோப்பைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு நாளும் உண்மையில் ஓடிக்கொண்டிருக்கும் நிறுவல் முறை அங்கே வரிசையாக எழுதப்பட்டிருக்கும்.

2. பயன்படுத்துகிறவரின் பட்டியல் வேறு, பங்களிக்கிறவரின் பட்டியல் வேறு

ஜாங்கோவைப் பயன்படுத்த மட்டும் நிறுவினால், பைதான் பேக்கேஜ்களை நிறுவும் கருவியான பிப் அதோடு ஏஎஸ்ஜிஐரெஃப், எஸ்க்யூஎல்பார்ஸ் என்ற இரண்டை மட்டும் கொண்டுவரும். விண்டோஸில் டிஇசட்டேட்டா என்ற மூன்றாவதும் சேரும். அவ்வளவுதான். ஆனால் அதன் டெஸ்ட்டுகளை ஓட்ட நினைப்பவருக்கு, டெஸ்ட்ஸ் ஃபோல்டருக்குள் ரிக்வயர்மென்ட்ஸ் என்ற தனிப் பட்டியலே இருக்கிறது. பில்லோ, நம்பை, ஜிஞ்சா, செலினியம், பைலிப்எம்சி, ரெடிஸ், பிகிரிப்ட் என்று அது நீளும்.

இந்தப் பட்டியலைப் பார்த்து மலைக்காமல் ஒவ்வொன்றும் ஏன் அங்கே இருக்கிறது என்று கேளுங்கள். படங்களைச் சேமிக்கும் ஃபீல்டைச் சோதிக்க பில்லோ. கேஷ் பகுதியைச் சோதிக்க பைலிப்எம்சியும் ரெடிஸும். பாஸ்வேர்டை ஹாஷ் செய்யும் பகுதிக்கு பிகிரிப்ட். அட்மின் பக்கங்களை நிஜமான பிரவுசரில் திறந்து பார்க்க செலினியம். இப்படிக் கேட்டுக்கொண்டே போனால், நிரலில் ஒரு வரி படிக்கும் முன்னரே ஜாங்கோவில் என்னென்ன பகுதிகள் உண்டு என்பது பிடிபட்டுவிடும். டிபென்டன்சிப் பட்டியலைப் படிப்பது புராஜெக்ட்டைப் படிப்பதன் ஆரம்பம்.

3. சிஸ்டத்தின் பைதானைத் தொடாதீர்கள்

லினக்ஸில் ஏற்கெனவே இருக்கும் பைதான் ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்குச் சொந்தமானது. உபுண்டுவிலும் டெபியனிலும் நிர்வாக வேலை செய்யும் பல கருவிகள் அதை நம்பியே ஓடுகின்றன. சூடோ போட்டு பிப் வழியாக ஒரு பேக்கேஜை அங்கே திணித்தால், சிஸ்டம் எதிர்பார்க்கும் பதிப்புக்கு மேல் வேறு பதிப்பு போய் உட்காரும். அன்றைக்கு ஒன்றும் ஆகாது. பிறகு ஒரு நாள் அப்டேட் செய்யும்போது, காரணமே புரியாமல் ஏதோ ஒன்று உடையும்.

இந்தத் தொல்லையைத் தடுக்கவே பைதான் சமூகம் பெப் 668 என்ற விதியை வகுத்தது. 2023-ல் வந்த டெபியன் 12 முதல், சிஸ்டத்தின் பைதானில் பிப் கொண்டு நிறுவ முயன்றால் ‘இது வெளியிலிருந்து நிர்வகிக்கப்படும் சூழல்’ என்று சொல்லி பிப் மறுத்துவிடும். இணையத்தில் தேடினால், சிஸ்டம் பேக்கேஜ்களை உடைத்தாலும் பரவாயில்லை என்று பொருள்படும் ஒரு ஆப்ஷனைச் சேர்க்கச் சொல்லி யாராவது பதில் எழுதியிருப்பார். அதைச் செய்யாதீர்கள். அந்த மறுப்பு உங்கள் நன்மைக்காக வைக்கப்பட்டது.

4. ஒவ்வொரு புராஜெக்ட்டுக்கும் தனிச் சூழல் வையுங்கள்

பைதானோடு விர்ச்சுவல் என்விரான்மென்ட் உருவாக்கும் வசதி 2012-ல் வெளியான 3.3 பதிப்பிலிருந்தே கூடவே வருகிறது. உபுண்டுவிலும் டெபியனிலும் அதற்கான பேக்கேஜை மட்டும் ஆப்ட் மூலம் ஒரு முறை தனியாக நிறுவ வேண்டியிருக்கும். இதில் மாயம் எதுவும் இல்லை. ஒரு ஃபோல்டர், அதற்குள் பைதானைச் சுட்டும் ஒரு இணைப்பு, பேக்கேஜ்கள் இறங்குவதற்கு ஒரு துணை ஃபோல்டர். பிப் கொண்டுவரும் எல்லாம் அதற்குள்ளேயே இறங்கும். வேண்டாமென்றால் ஃபோல்டரை அழித்தால் போதும், நிறுவியவற்றில் மிச்சம் மீதி எதுவும் இருக்காது.

கவனிக்க வேண்டியவை சில. ஆக்டிவேட் செய்வது அந்த ஒரு டெர்மினலுக்கு மட்டுமே பொருந்தும். புது டெர்மினல் திறந்தால் மறுபடி செய்ய வேண்டும். சந்தேகம் வந்தால் எந்தப் பைதான் ஓடுகிறது என்று பாதையைக் கேட்டுப் பாருங்கள். அந்த ஃபோல்டரை இடம் மாற்றாதீர்கள். உள்ளே இருக்கும் ஸ்கிரிப்ட்டுகளில் முழுப் பாதையும் எழுதப்பட்டிருப்பதால் வேலை செய்யாது. கிட்டில் கமிட் செய்தும்விடாதீர்கள். ஜாங்கோ வழிகாட்டி, இந்தச் சூழல் ஃபோல்டரை, நிரலைக் குளோன் செய்த இடத்துக்கு வெளியே, ஹோம் ஃபோல்டரில் தனியாக வைக்கச் சொல்கிறது. நல்ல பழக்கம் அது.

நோடில் இந்தப் பிரிவினை இயல்பாகவே நடக்கிறது. பேக்கேஜ்கள் நோட்-மாடியூல்ஸ் என்ற ஃபோல்டரில், புராஜெக்ட்டுக்கு உள்ளேயே இறங்கும். ஆகவே குளோபல் என்ற ஆப்ஷனைப் போட்டு நிறுவச் சொன்னால், ஏன் என்று ஒரு முறை கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

5. பதிப்பை மதியுங்கள்

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. 2025 டிசம்பரில் வெளியான ஜாங்கோ 6.0-க்குப் பைதான் 3.12 அல்லது அதற்கு மேல் வேண்டும். உபுண்டு 22.04-ல் இருப்பது 3.10, டெபியன் 12-ல் இருப்பது 3.11. அந்தக் கணினியில் மெயின் பிராஞ்ச்சைக் குளோன் செய்து நிறுவச் சொன்னால், வேறு பைதான் வேண்டும் என்று பிப் நேரடியாகச் சொல்லிவிடும். அந்த வரியை நிதானமாகப் படித்தால் காரணம் அதிலேயே இருக்கும். பைபுராஜெக்ட் கோப்பைத் திறந்து எண்ணை மாற்றி ஏமாற்ற முயலாதீர்கள். பிப் வாய் மூடிக்கொள்ளும். அப்புறம் நிரல் எங்கே உடையும் என்பது யாருக்கும் தெரியாது.

சரியான வழி, இரண்டாவது பைதான் ஒன்றைச் சிஸ்டத்தின் பைதானுக்குப் பக்கத்தில் தனியாக நிறுவுவது. பைஎன்வ் அதற்கான பழைய, நம்பகமான கருவி. 2024-ல் வந்த யூவி இதை மிக வேகமாகச் செய்கிறது. ஏற்கெனவே கட்டி வைத்த பைதானை இறக்கித் தந்துவிடும். பைஎன்வ் உங்கள் கணினியிலேயே மூல நிரலிலிருந்து பைதானைக் கட்டும். அதற்கு முன் எஸ்எஸ்எல், எஸ்க்யூலைட், எஃப்எஃப்ஐ, இசட்லிப் ஆகியவற்றின் டெவலப்மென்ட் பேக்கேஜ்கள் இருக்க வேண்டும். எஸ்க்யூலைட் இல்லாமல் கட்டினால் பைதான் கட்டிமுடியும், ஆனால் எஸ்க்யூலைட் மாடியூல் இல்லாத பைதானாக இருக்கும். ஜாங்கோவின் டெஸ்ட்டுகள் இயல்பாக எஸ்க்யூலைட்டில்தான் ஓடுகின்றன, தொடங்கும்போதே விழுந்துவிடும். கட்டும்போது வரும் எச்சரிக்கை வரிகளைத் தாண்டிப் போகாதீர்கள் என்பது இதனால்தான்.

நோட் புராஜெக்ட்டுகளில் என்விஎம் இதே வேலையைச் செய்யும். எந்தப் பதிப்பு வேண்டும் என்பதை ஒரு சிறு கோப்பில் எழுதி வைத்திருப்பார்கள். முதலில் அதைத் தேடுங்கள்.

6. நீங்கள் திருத்தும் நிரல்தான் ஓடுகிறதா என்று உறுதி செய்யுங்கள்

உங்கள் ஃபோர்க்கைக் குளோன் செய்த பிறகு, பிப்புக்கு ஈ என்ற எழுத்துக் குறியோடு அந்த ஃபோல்டரின் பாதையைக் கொடுங்கள். இதை எடிட்டபிள் நிறுவல் என்பார்கள். பிப் நிரலை நகலெடுக்காது. உங்கள் ஃபோல்டரைச் சுட்டும் ஒரு குறிப்பை மட்டும் வைக்கும். நீங்கள் ஒரு வரி மாற்றினால் அடுத்த முறை ஓட்டும்போது அந்த மாற்றம் தெரியும்.

இதை விட்டுவிட்டு வழக்கம்போல ஜாங்கோ என்று பெயர் மட்டும் கொடுத்து நிறுவினால், இணையத்திலிருந்து வேறொரு ஜாங்கோ வந்து உட்காரும். நீங்கள் ஒன்றைத் திருத்துவீர்கள். ஓடுவது இன்னொன்றாக இருக்கும். எத்தனை மாற்றினாலும் பிழை அப்படியே இருப்பதுபோல் தோன்றும். தவிர்க்க ஒரு வரி போதும்: பைதானைத் திறந்து, ஜாங்கோவை இம்போர்ட் செய்து, அது எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்று அச்சிட்டுப் பாருங்கள். உங்கள் குளோனின் பாதை வந்தால் சரி.

7. லாக் கோப்பைப் புரிந்துகொள்ளுங்கள்

பல புராஜெக்ட்டுகளில் இரண்டு கோப்புகள் இருக்கும். ஒன்று விருப்பத்தைச் சொல்லும்: ‘இந்தப் பதிப்போ, இதற்கு மேலோ’. இன்னொன்று உண்மையைச் சொல்லும்: ‘கடைசியாக எல்லாம் சரியாக ஓடியபோது இருந்தது துல்லியமாக இந்தப் பதிப்பு’. இரண்டாவதுதான் லாக் கோப்பு. ரூபியின் பண்ட்லரிலும் ரஸ்ட்டின் கார்கோவிலும் இது உண்டு. நோட் உலகில் 2016-ல் வந்த யார்ன் இதை இயல்பாக எழுதியது. 2017-ல் என்பிஎம்மும் பேக்கேஜ்-லாக் கோப்பை இயல்பாக எழுதத் தொடங்கியது.

என்பிஎம்மில் இன்ஸ்டால் என்று கொடுத்தால் சில சமயம் லாக் கோப்பே மாறிவிடும். சிஐ என்று கொடுத்தால் பழைய நோட்-மாடியூல்ஸை அழித்துவிட்டு, லாக்கில் எழுதியது எதுவோ அதையே நிறுவும். இரண்டு கோப்புகளும் பொருந்தவில்லையென்றால் நின்றுவிடும். புதிதாக வருகிறவர்கள் இந்த சிஐ கட்டளையையே பயன்படுத்துங்கள். உங்கள் திருத்தத்தை அனுப்பும் முன் கிட் ஸ்டேட்டஸ் பாருங்கள். எழுத்துப் பிழை ஒன்றைத் திருத்திய புல் ரிக்வெஸ்ட்டில், லாக் கோப்பின் ஆயிரக்கணக்கான வரிகளும் மாறியிருந்தால் பார்ப்பவர் எதைப் பார்ப்பார்?

ஜாங்கோவின் டெஸ்ட் பட்டியலில் லாக் கிடையாது. பெரும்பாலும் குறைந்தபட்சப் பதிப்பு மட்டுமே சொல்லப்பட்டிருக்கும். ஆகவே நேற்று வெளியான ஏதோ ஒரு பேக்கேஜால் இன்று ஒரு டெஸ்ட் விழலாம். அதனால் பிழை உங்களுடையது என்று முடிவு செய்யும் முன், மெயின் பிராஞ்ச்சின் தானியங்கி டெஸ்ட்டுகள் அன்றைக்குப் பச்சையாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

8. எரரைக் கண்டு ஓடாதீர்கள், படியுங்கள்

பைதான் பேக்கேஜ் இரண்டு வகையில் வரும். ஒன்று வீல்: ஏற்கெனவே கட்டி முடித்தது, இறக்கி வைத்தால் போதும். இன்னொன்று மூல நிரல்: உங்கள் கணினியிலேயே கம்பைல் செய்ய வேண்டும். உங்கள் பைதான் பதிப்புக்கும் கணினிக்கும் ஏற்ற வீல் இல்லாதபோது பிப் இரண்டாவது வழிக்குப் போகும். திரை முழுக்க ஓடும் எரர்களில் பெரும்பாலானவை இங்கே பிறப்பவை.

அவற்றைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படியுங்கள். கடைசி வரி ‘முடியவில்லை’ என்று மட்டும் சொல்லும். காரணம் கொஞ்சம் மேலே, ‘அந்தக் கோப்பு இல்லை’ என்ற வடிவில் இருக்கும். அடிக்கடி வருபவை சில: பைதான்.எச் இல்லை என்றால் பைதானின் டெவலப்மென்ட் பேக்கேஜ் வேண்டும். பிஜி-கான்ஃபிக் இல்லை என்றால் போஸ்ட்கிரெஸின் லிப்பிக்யூ டெவலப்மென்ட் பேக்கேஜ். மெம்கேஷ்ட்.எச் இல்லை என்றால் லிப்மெம்கேஷ்ட். ஜாங்கோ பட்டியலில் உள்ள பைலிப்எம்சி கேட்பது இதைத்தான். ஜேபெக், இசட்லிப் பற்றிய புகார் என்றால் அவற்றின் டெவலப்மென்ட் பேக்கேஜ்கள், பில்லோவுக்காக. ஜிசிசியே இல்லை என்றால் உபுண்டுவில் பில்ட்-எசென்ஷியல். ஃபெடோராவில் பெயர்கள் சற்று மாறும். மேக்கில் எக்ஸ்கோடின் கமாண்ட் லைன் கருவிகள் வேண்டும். விண்டோஸில் மைக்ரோசாஃப்ட்டின் சி பிளஸ் பிளஸ் பில்ட் கருவிகள், அல்லது டபிள்யூஎஸ்எல் வழியாக ஒரு லினக்ஸ்.

பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டாம். விடுபட்டது ஒரு கோப்பு, அந்தக் கோப்பு ஏதோ ஒரு சிஸ்டம் பேக்கேஜுக்குள் இருக்கிறது என்ற தர்க்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். டெபியனில் ஆப்ட்-ஃபைல் என்ற கருவியிடம் கோப்பின் பெயரைச் சொன்னால், எந்தப் பேக்கேஜில் இருக்கிறது என்று அதுவே சொல்லும்.

9. எல்லாம் வேண்டும் என்பதில்லை

ஜாங்கோ போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல், ஆரக்கிள் என்று பல டேட்டாபேஸ்களில் ஓடும். அதற்காக முதல் நாளே எல்லாவற்றையும் நிறுவ உட்காராதீர்கள். எஸ்க்யூலைட்டோடு தொடங்குங்கள். ஒரு லைப்ரரி இல்லாவிட்டால், அதை நம்பியிருக்கும் டெஸ்ட்டுகள் தாண்டிவிடப்படும். திரையில் எஸ் என்ற எழுத்து விழும். அது ஸ்கிப். எஃப் விழுந்தால் ஃபெயில், ஈ விழுந்தால் எரர், எக்ஸ் விழுந்தால் தவறும் என்று முன்பே தெரிந்த டெஸ்ட். எஸ்ஸைப் பார்த்து யாரும் பதற வேண்டியதில்லை.

பைலிப்எம்சி மட்டும் நிறுவ முடியாமல் அடம்பிடிக்கிறது, நீங்கள் தொடப்போவது ஃபார்ம்ஸ் பகுதி என்றால், இப்போதைக்கு அந்த வரியை விட்டுவிட்டு மற்றவற்றை நிறுவுங்கள். ஆனால் விட்டதை எழுதி வையுங்கள். வெவ்வேறு டேட்டாபேஸ்களில் சோதிக்கும் நாள் வரும்போது டாக்கரின் உதவியைத் தேடலாம். ஜாங்கோவுக்கென்றே டாக்கர் பாக்ஸ் என்ற தயார்நிலை அமைப்பு உண்டு. டேட்டாபேஸ், கேஷ் சர்வர் போன்றவற்றை டாக்கரில் ஓட்டுவது நல்ல வழி. ஆனால் நிறுவலைக் கற்றுக்கொள்ளாமல் தப்பிக்க அதைக் குறுக்கு வழியாக்காதீர்கள். கன்டெய்னருக்குள் எரர் வந்தாலும் அதைப் படிக்க வேண்டியவர் நீங்களே.

10. யாருடைய நிரலை ஓட்டுகிறோம் என்று எண்ணிப் பாருங்கள்

டிபென்டன்சி நிறுவுவது என்றால், முன்பின் அறியாதவர்கள் எழுதிய நிரலை உங்கள் கணினியில் ஓட அனுமதிப்பது. நிறுவும் நேரத்திலேயே என்பிஎம் பேக்கேஜ்கள் ஸ்கிரிப்ட் ஓட்டலாம். மூல நிரலாக வரும் பைதான் பேக்கேஜ்களும் அப்படியே.

மூன்று நிகழ்வுகளை ஒவ்வொரு புதியவரும் அறிந்திருக்க வேண்டும். 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற பதினொரு வரிப் பேக்கேஜை அதை எழுதியவர் என்பிஎம்மிலிருந்து நீக்கினார். பேபல் உட்பட அதை நம்பியிருந்த பெரிய புராஜெக்ட்டுகளின் நிறுவல்கள் உலகெங்கும் நின்றன. 2018-ல், உதவி செய்வதாக வந்த ஒருவரிடம் ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற பேக்கேஜின் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. பிட்காயின் திருடும் நிரல் இன்னொரு டிபென்டன்சியின் வடிவில் அதற்குள் நுழைந்தது. 2024 மார்ச்சில், லினக்ஸில் எங்கும் இருக்கும் எக்ஸ்இசட் என்ற கம்ப்ரெஷன் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ரகசியப் பின்வாசல் இருந்தது தெரியவந்தது. போஸ்ட்கிரெஸ் டெவலப்பரான ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட், எஸ்எஸ்எச் லாகின் ஏறக்குறைய அரை நொடி தாமதமாவதைக் கவனித்து, விடாமல் காரணம் தேடிப் போய் அதைக் கண்டுபிடித்தார்.

இதனால் பயந்து ஒதுங்கச் சொல்லவில்லை. பேக்கேஜின் பெயரை எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். ஒரு எழுத்து மாற்றிய போலிப் பெயர்களில் தீங்கான பேக்கேஜ்கள் வைக்கப்படுவதுண்டு. ரூட்டாக இருந்து நிறுவாதீர்கள். இணையத்திலிருந்து ஒரு ஸ்கிரிப்ட்டை இறக்கி நேரே ஓட்டச் சொல்லும் வரியைக் கண்டால், முதலில் அந்த ஸ்கிரிப்ட்டை இறக்கித் திறந்து படியுங்கள். உங்கள் திருத்தத்தில் புதிய டிபென்டன்சி ஒன்றைச் சேர்க்கத் தோன்றினால், பத்து வரியில் நாமே எழுதிவிட முடியாதா என்று யோசியுங்கள்.

11. நெட்டையும் டிஸ்க்கையும் சிக்கனமாகச் செலவழியுங்கள்

எல்லோருக்கும் வேகமான இணைப்பு இல்லை. கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் தினசரி டேட்டா அளவுக்குள் வேலை செய்கிறவர்கள் நம்மில் ஏராளம். அதற்கும் வழி உண்டு. பெரிய ரெப்பாசிட்டரியை முழு வரலாற்றோடு இறக்காமல், கடைசி கமிட்டை மட்டும் குளோன் செய்யலாம். வரலாறும் வேண்டுமென்றால், கோப்புகளின் பழைய உள்ளடக்கத்தைத் தேவைப்படும்போது மட்டும் இறக்கும் ஃபில்டர் வசதி கிட்டில் இருக்கிறது. பிப்பும் என்பிஎம்மும் ஒரு முறை இறக்கியதை கேஷில் வைத்திருக்கும். இடம் போதவில்லை என்று அவசரப்பட்டு அதை அழிக்காதீர்கள்.

நல்ல இணைப்பு இருக்கும் இடத்தில் பிப்பின் டவுன்லோட் கட்டளையால் பேக்கேஜ்களை ஒரு ஃபோல்டரில் சேர்த்து வைத்துக்கொண்டால், வீட்டில் நெட் இல்லாமலே அந்த ஃபோல்டரிலிருந்து நிறுவலாம். இரண்டு கணினிகளிலும் ஆப்பரேட்டிங் சிஸ்டமும் பைதான் பதிப்பும் ஒன்றாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

12. குறிப்பெழுதுங்கள், பிறகு கேளுங்கள்

முதல் கட்டளையிலிருந்தே ஒரு கோப்பில் எழுதி வாருங்கள்: என்ன கொடுத்தேன், என்ன வந்தது, எப்படிச் சரி செய்தேன். எல்லாம் ஓடியதும் விர்ச்சுவல் என்விரான்மென்ட்டை அழித்துவிட்டு, உங்கள் குறிப்பை மட்டும் வைத்து மறுபடி கட்டிப் பாருங்கள். இரண்டாம் முறையும் ஓடினால் உங்கள் குறிப்பு உண்மை. சில வாரம் கழித்து மெயின் பிராஞ்ச்சைப் புல் செய்து ஏதோ உடைந்தாலும், இதே குறிப்பு கொஞ்ச நேரத்தில் உங்களை மீட்டுவிடும்.

வழிகாட்டியில் விடுபட்ட படி ஒன்று உங்கள் குறிப்பில் இருந்தால், அதை ஆவணத்தில் சேர்த்து அனுப்புங்கள். பல ஆண்டுகள் உள்ளே இருப்பவரின் கணினியில் எல்லா லைப்ரரியும் ஏற்கெனவே இருக்கும்; அவருக்கு அந்த ஓட்டை கண்ணில் படாது. புதியவருக்குத்தான் படும், அதுவும் ஒரு முறைதான் படும். அதனால் இந்தப் பங்களிப்பைச் சிறியது என்று எண்ணாதீர்கள்.

முடியாவிட்டால் தயங்காமல் கேளுங்கள். கேட்கும்போது நான்கு விஷயங்கள் இருக்கட்டும்: ஆப்பரேட்டிங் சிஸ்டமும் அதன் பதிப்பும், மொழியின் பதிப்பு, நீங்கள் கொடுத்த கட்டளை, வந்த எரர் முழுதும். எரரைப் படம் பிடித்து அனுப்பாமல் எழுத்தாக ஒட்டுங்கள். படத்துக்குள் யாராலும் தேட முடியாது. நீங்கள் ஏற்கெனவே முயன்று பார்த்ததையும் சொல்லுங்கள். ஜாங்கோவின் டிராக் பிழைகளைப் பதியும் இடம். நிறுவல் உதவி கேட்கும் இடம் வேறு. எங்கே கேட்பது என்பதை ஒவ்வொரு புராஜெக்ட்டும் எழுதி வைத்திருக்கும். ஆங்கிலத்தில் கேட்கக் கூச்சமாக இருந்தால், காஞ்சி லினக்ஸ் பயனர் குழு போன்ற இடங்களில் தமிழிலேயே கேட்கலாம்.

13. எதையும் மாற்றும் முன் டெஸ்ட்டை ஓட்டுங்கள். ஓடியதும் தள்ளிப் போடாதீர்கள்

நிறுவல் முடிந்தது என்பதற்கு அடையாளம், நிரலில் ஒரு எழுத்தைக் கூட மாற்றாமல் டெஸ்ட்டுகளை ஓட்டிப் பார்த்து, விளைவைக் குறித்துக்கொள்வது. ஜாங்கோவில் டெஸ்ட்ஸ் ஃபோல்டருக்குப் போய் ரன்டெஸ்ட்ஸ் என்ற ஸ்கிரிப்ட்டை ஓட்ட வேண்டும். பல ஆயிரம் டெஸ்ட்டுகள் உண்டு. பழைய கணினியில் கொஞ்சம் நேரம் எடுக்கும். ஒரு பகுதியின் பெயரைக் கொடுத்தால் அதை மட்டும் ஓட்டலாம். மாற்றத்துக்கு முன்பே இரண்டு டெஸ்ட் விழுந்தது தெரிந்திருந்தால், பின்னால் அந்த இரண்டுக்கும் நீங்கள் பொறுப்பல்ல என்று உறுதியாகச் சொல்ல முடியும். முன்பு ஓட்டிப் பார்க்காதவரால் அதைச் சொல்ல முடியாது.

அது முடிந்த அன்றே டிராக்கில் ‘ஈஸி பிக்கிங்ஸ்’ என்று குறியிட்ட டிக்கெட்டுகளைத் திறந்து, வேறு யாரும் எடுத்துக்கொள்ளாத ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். முதலில் அந்தப் பிழையைக் காட்டும் ஒரு டெஸ்ட் எழுதி ஓட்டுங்கள், விழ வேண்டும். பிறகு நிரலைத் திருத்தி ஓட்டுங்கள், தேற வேண்டும். அதன் பிறகு மற்ற டெஸ்ட்டுகளையும் ஓட்டுங்கள். அனுப்பும்போது, எந்தப் பைதானில், எந்த டேட்டாபேஸில் ஓட்டினீர்கள், எவை ஸ்கிப் ஆயின என்பதைச் சேர்த்து எழுதுங்கள். மேலே சொன்ன பன்னிரண்டையும் செய்து வந்தவருக்கு இந்த விவரமெல்லாம் கையிலேயே இருக்கும். அதைப் படிக்கும் பராமரிப்பாளர் உங்கள் ஊரையோ கல்லூரியையோ கேட்கப்போவதில்லை. நீங்கள் சொன்ன சூழலைத் தானும் அமைத்து, அதே விளைவு வருகிறதா என்று பார்ப்பார். அதே விளைவு வரும்படி வேலை செய்யுங்கள்.